சாக்பீஸ் வட்டத்திலிருந்து இமயமலைக்கு!

நம் தேசிய கீதத்தை எழுதியவர் யார் என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட ரவீந்திரநாத் தாகூர் என்று பட்டென்று சொல்லிவிடும். நீண்ட வெண்தாடி, கணுக்கால் வரை தொங்கும் அங்கி, அமைதியான முகம். படத்தில் அவரைத் தாத்தாவாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அந்தத் தாத்தாவும் ஒரு காலத்தில் உங்களைப் போலச் சிறுவன்தானே? அதுவும் எப்படிப்பட்ட சிறுவன் தெரியுமா? பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றைக் கலக்கும் சிறுவன்! நான்கு பள்ளிகளில் சேர்த்துப் பார்த்தார்கள். எதிலும் ஒட்டவில்லை. அப்படியானால் அவர் எங்கேதான் படித்தார்? வீட்டில் படித்தார். அப்பாவோடு ஊர் ஊராகப் போய்ப் படித்தார். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கொல்கத்தாவில் ஜோராசாங்கோ என்ற பகுதியில் தாகூர் குடும்பத்தின் மிகப் பெரிய மாளிகை இருந்தது. அங்கே 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், தேவேந்திரநாத் - சாரதா தேவி தம்பதியின் பதினான்காவது குழந்தையாக ரவி பிறந்தான். ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை, பட்டும் பாலுமாக வளர்ந்திருப்பான் என்று நினைக்காதீர்கள். சாதாரணப் பருத்திச் சட்டை, எளிய சாப்பாடு. பத்து வயது ஆகும்வரை காலுறை போட்டதில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வேலைக்காரர்களிடம் இருந்தது.

அவர்களில் ஷியாம் என்று ஒருவர். குழந்தையின் பின்னாலேயே ஓடுவது யாருக்குத்தான் முடியும்? அதனால் அவர் ஒரு தந்திரம் செய்தார். ஓர் இடத்தில் ரவியை உட்காரவைத்து, சுற்றிலும் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். கோட்டைத் தாண்டினால் பேராபத்து வரும் என்று விரலை ஆட்டி மிரட்டிவிட்டுப் போய்விடுவார். ராமாயணத்தில் கோட்டைத் தாண்டிய சீதைக்கு என்ன ஆயிற்று என்பது ரவிக்குத் தெரியும். ஆகவே அசையமாட்டான். அருகில் ஒரு ஜன்னல். வெளியே குளம், அதன் கரையில் ஒரு பெரிய ஆலமரம். குளிக்க வருகிறவர்களை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டே இருப்பான். அவனுக்கு உலகம் என்பது அவ்வளவுதான்.

அண்ணன் சோமேந்திரநாத்தும், அக்கா மகன் சத்யபிரசாத்தும் வண்டி ஏறிப் பள்ளிக்குப் போனபோது ரவிக்கு ஏக்கம் தாங்கவில்லை. நானும் போவேன் என்று அடம் பிடித்து அழுதான். வீட்டு வாத்தியார் கன்னத்தில் ஓர் அறை கொடுத்து, இன்றைக்குப் போகவேண்டும் என்று அழுகிறாய், நாளைக்குப் போகமாட்டேன் என்று இதைவிட அதிகமாக அழுவாய் என்றாராம். வாத்தியாரின் வாக்கு அப்படியே பலித்தது!

அந்தக் காலத்துப் பள்ளியில் பாடம் ஒப்பிக்காத பிள்ளையைப் பெஞ்சின்மேல் நிற்கவைப்பார்கள். இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, உள்ளங்கைகளில் சிலேட்டுகளை அடுக்குவார்கள். ரவி அங்கே கற்றுக்கொண்டது என்ன? வீட்டுக்கு வந்ததும் வராந்தாவில் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினான். மரக் கிராதிகள்தாம் அவனுடைய மாணவர்கள். அதில் சமர்த்து மாணவர்கள் உண்டு, மண்டுகளும் உண்டு. மண்டுகளுக்குப் பிரம்படி ஓயாது விழும். நானும் ஆசிரியராக இருந்தவன்தான். இதைப் படிக்கும்போது சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

வீட்டுப் படிப்பு மட்டும் லேசானதா என்ன? மூன்றாவது அண்ணன் ஹேமேந்திரநாத் அதற்குப் பொறுப்பு. எல்லாப் பாடங்களையும் முதலில் தாய்மொழியான வங்காளத்தில்தான் படிக்கவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். பொழுது விடியும் முன்பே எழுந்து ஒரு பயில்வானிடம் குஸ்தி பழகவேண்டும். உடம்பில் ஒட்டிய மண்ணோடு வந்தால், அங்கே மருத்துவ மாணவர் ஒருவர் எலும்புக்கூட்டோடு காத்திருப்பார்! கம்பியால் கோத்த உண்மையான எலும்புக்கூடு. ஒவ்வொரு எலும்பின் பெயரையும் மனப்பாடம் செய்யவேண்டும். அப்புறம் கணக்கு, இலக்கியம், வரலாறு. மாலையில் ஓவியமும் உடற்பயிற்சியும். விளக்கு வைத்த பிறகு ஆங்கிலம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சில நாள் சீதாநாத் தத்தா என்பவர் வந்து அறிவியல் சோதனைகள் செய்து காட்டுவார். கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் மரத்தூளைப் போட்டு அடுப்பில் வைப்பார். சூடான நீர் லேசாகி மேலே ஏறுவதும், மேலே உள்ள குளிர்ந்த நீர் கீழே இறங்குவதும் மரத்தூளின் ஓட்டத்தில் பளிச்சென்று தெரியும். ரவிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அவர் வராத ஞாயிறு அவனுக்கு ஞாயிறாகவே தோன்றாது.

ஆங்கில வாத்தியார் அகோர் பாபு வந்தால் மட்டும் கண்ணைச் சுற்றிக்கொண்டு தூக்கம் வரும். நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு நாள்கூட விடுமுறை எடுக்கமாட்டார். மழை கொட்டி, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். இன்று நிச்சயம் வரமாட்டார் என்று ரவி தெருமுனையைப் பார்த்துக்கொண்டே நிற்பான். தூரத்தில் ஒரு கறுப்புக் குடை தெரியும். அவரேதான்! நம் ஊரில் மழைக்காலத்தில் இன்றைக்குப் பள்ளி விடுமுறையா என்று பிள்ளைகள் காலையிலேயே டி.வி. முன் உட்காருகிறார்களே, அந்த ஏக்கம் அன்றும் இருந்திருக்கிறது பாருங்கள்.

அப்பா தேவேந்திரநாத் வீட்டில் இருப்பதே அபூர்வம். பெரும்பாலும் இமயமலைப் பக்கம் பயணத்திலேயே இருப்பார். எல்லோரும் அவரை மகரிஷி என்று மதித்தார்கள். அவர் வந்துவிட்டால் மாளிகையே அடங்கிவிடும். அம்மா தானே சமையலறையில் போய் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பார். குழந்தைகள் சத்தம் போடாமல் நடப்பார்கள். அப்பாவோடு பேசுவதற்கே ரவிக்குப் பயம்.

1873ஆம் ஆண்டு தொடக்கத்தில் ரவிக்குப் பூணூல் போட்டார்கள். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை. சடங்குக்காகத் தலையை மொட்டை அடித்துவிட்டார்கள். இந்த மொட்டைத் தலையோடு பள்ளிக்குப் போனால் கேலி செய்து கொன்றுவிடுவார்களே என்ற கவலை அவனை அரித்தது. அந்த நேரத்தில்தான் அப்பா மாடிக்குக் கூப்பிட்டு அனுப்பினார். என்னோடு இமயமலைக்கு வருகிறாயா என்று கேட்டார். சாக்பீஸ் வட்டத்துக்குள் வளர்ந்த பையனுக்கு எப்படி இருந்திருக்கும்! வானம் பிளக்கக் கூச்சலிட்டால்தான் அந்தச் சந்தோஷத்துக்குச் சரியான பதிலாக இருந்திருக்கும் என்று பின்னாளில் அவரே நினைத்துப் பார்த்திருக்கிறார்.

முதன்முறையாக ரவிக்கென்றே முழு உடுப்பு தைத்தார்கள். சரிகை வேலை செய்த ஒரு வெல்வெட் தொப்பியும் வந்தது. மொட்டைத் தலையில் அதைப் போட வெட்கப்பட்டுக் கையிலேயே வைத்திருந்தான். அப்பா ஒரு பார்வை பார்த்தார். தொப்பி தலைக்கு ஏறிவிட்டது.

முதலில் போனது போல்பூர். அங்கே 1863இல் தேவேந்திரநாத் நிலம் வாங்கி ஒரு வீடு கட்டியிருந்தார். அந்த வீட்டின் பெயர் சாந்திநிகேதன். மாலை இருட்டும் நேரத்தில் போய் இறங்கினார்கள். பல்லக்கில் போகும்போது ரவி கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஏன் தெரியுமா? அரைகுறை வெளிச்சத்தில் பார்த்துவிட்டால் காலையில் புதிதாகப் பார்க்கும் சந்தோஷம் போய்விடுமாம்!

காலையில் எழுந்து பார்த்தால் எங்கும் வெட்டவெளி. மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்கள், சின்னச் சின்ன மேடுகள். எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. ரவி பள்ளங்களில் இறங்கி விதவிதமான கற்களைப் பொறுக்கினான். சட்டை மடியில் அள்ளிக்கொண்டு அப்பாவிடம் ஓடினான். வேறு யாராவது என்றால் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டு என்றிருப்பார்கள். அப்பா ஒவ்வொன்றையும் பார்த்து வியந்தார். தோட்டத்தில் இருந்த ஒரு மண்மேட்டைக் காட்டி, இந்தக் கற்களால் அதை அலங்கரி என்றார். அந்த மேட்டின்மேல்தான் அவர் காலையில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்வார்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சின்னசேலத்தில் நான் பணியில் இருந்தபோது, கச்சிராயபாளையம் அருகே கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் கோமுகி அணைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். திரும்பும்போது ஒவ்வொருவர் பையும் கனக்கும். திறந்தால் கூழாங்கற்கள்! வண்டி ஏறும் முன் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லிவிட்டேன். மனமில்லாமல் ஒவ்வொன்றாகப் போட்டார்கள். தாகூரின் இளமைப் பருவத்தைப் படித்த நாளிலிருந்து அந்த முகங்கள் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

கல் பொறுக்கியதோடு நிற்கவில்லை. ஒரு பள்ளத்தில் ஊற்று நீர் ஓடுவதை ரவி கண்டுபிடித்தான். குட்டி மீன்கள் எதிர்நீச்சல் போட்டுக்கொண்டிருந்தன. அப்பாவிடம் சொன்னான். இனி நம் குளியலுக்கும் குடிப்பதற்கும் அந்தத் தண்ணீரையே கொண்டுவரச் சொல்லலாம் என்றார் அவர். பையனுக்குப் பெருமை தாளவில்லை.

அப்பா அவனிடம் பொறுப்புகளும் கொடுத்தார். கையில் கொஞ்சம் சில்லறை கொடுத்துக் கணக்கு எழுதச் சொன்னார். காலை நடையில் பிச்சைக்காரர்கள் வந்தால் கொடுக்கவேண்டியதும் ரவிதான். கணக்கு ஒரு நாளும் நேர்படவில்லை. ஒரு நாள் பார்த்தால் இருக்கவேண்டியதைவிட அதிகப் பணம் இருந்தது! உன்னையே காசாளராக வைத்துக்கொள்ளலாம், உன் கையில் பணம் வளர்கிறதே என்று அப்பா கேலி செய்தார். தன் விலை உயர்ந்த தங்கக் கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுக்கும் வேலையையும் கொடுத்தார். ரவி அதைச் சிரத்தையாகச் செய்தான். கொஞ்சம் அதிகச் சிரத்தை! சாவி முறுக்கி முறுக்கிக் கடைசியில் கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொல்கத்தாவுக்கே அனுப்பவேண்டியதாயிற்று. கெட்டுப்போகலாம் என்று தெரிந்தேதான் அப்பா அதை ஒரு சிறுவனிடம் கொடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அங்கிருந்து பஞ்சாப் நோக்கி ரயில் பயணம். ரவிக்கு அரை டிக்கெட். ஆனால் வயதுக்கு மீறிய வளர்த்தி. ஒரு பெரிய நிலையத்தில் டிக்கெட் பரிசோதகர் வந்து சந்தேகமாகப் பார்த்தார். போய் இன்னொருவரை அழைத்துவந்தார். கடைசியில் நிலைய அதிகாரியே வந்து, இந்தப் பையனுக்குப் பன்னிரண்டு வயது ஆகவில்லையா என்று கேட்டார். இல்லை என்றார் அப்பா. அவர்கள் நம்பவில்லை. முழுக் கட்டணம் கேட்டார்கள். தேவேந்திரநாத்தின் கண்கள் சிவந்தன. பேசாமல் பெட்டியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். மீதிச் சில்லறை வந்ததும் அதை அப்படியே பிளாட்பாரத்தில் வீசி எறிந்தார். காசுகள் கல் தரையில் கலகலவென்று சிதறின. சில ரூபாய்க்காகப் பொய் சொல்வேன் என்று நினைத்துவிட்டார்களே என்ற கோபம்! நிலைய அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு போனார். அந்தச் சத்தம் ரவியின் காதில் ஆயுள் முழுவதும் ஒலித்தது.

அமிர்தசரசில் சில வாரங்கள் தங்கினார்கள். அப்பாவும் மகனும் பொற்கோயிலுக்குப் போவார்கள். சீக்கியர்கள் பாடும் இடத்தில் அப்பாவும் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து பாடுவார். திரும்பும்போது கற்கண்டு பிரசாதம் கிடைக்கும். இரவில் நிலா வெளிச்சத்தில் வராந்தாவில் உட்கார்ந்து மகனைப் பாடச் சொல்லிக் கேட்பார்.

பிறகு டல்ஹௌசி மலை. நம் கல்வராயன் மலை 2000 முதல் 3000 அடி உயரம். டல்ஹௌசியோ 6000 அடிக்கும் மேல்! ஏப்ரல் மாதத்திலும் நிழலான இடங்களில் பனி உறைந்து கிடந்தது. போகும் வழியில் தங்கிய இடங்களில் மாலை நேரம் நாற்காலியை வெளியே போட்டு உட்காருவார்கள். மலைக்காற்றில் நட்சத்திரங்கள் துல்லியமாகத் தெரியும். அப்பா ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொல்லுவார். பிராக்டர் என்ற ஆங்கிலேயர் எழுதிய வானியல் புத்தகத்திலிருந்து எளிதான பகுதிகளை எடுத்துச் சொல்வார். கேட்டதை ரவி வங்காளத்தில் எழுதிவைப்பான்.

டல்ஹௌசியில் நாள் எப்படித் தொடங்கும் தெரியுமா? இருள் பிரியும் முன்பே அப்பா எழுப்பிவிடுவார். கதகதப்பான கம்பளியை விட்டு வெளியே வந்து சமஸ்கிருத இலக்கணம் படிக்கவேண்டும். சூரியன் உதித்ததும் நடை. அப்பாவின் வேகத்துக்கு ஈடு கொடுக்கமுடியாமல் ரவி பாதியில் குறுக்குப் பாதையில் வீடு திரும்பிவிடுவான். அப்புறம் ஒரு மணி நேரம் ஆங்கிலம். பெஞ்சமின் பிராங்க்ளின் வாழ்க்கைக் கதையை இருவரும் சேர்ந்து படித்தார்கள். படிக்கும்போதே அப்பாவுக்குக் கோபம் வரும். பிராங்க்ளின் நல்லது செய்வதில்கூட லாப நஷ்டக் கணக்குப் பார்க்கிறார் என்று வாதாடுவார். பாடப்புத்தகத்தோடு சண்டை போடலாம் என்பதே ரவிக்குப் புதுச் செய்தி! பிறகு ஐஸ் போன்ற தண்ணீரில் குளியல். வெந்நீர் கலக்க வேலைக்காரர்களுக்குத் துணிவு கிடையாது. மதியம் மறுபடி பாடம். அதிகாலையில் எழுந்த பையன் சாமி ஆடுவான். அப்பா பார்த்துவிட்டுப் போதும் போ என்பார். அந்த நொடியே தூக்கம் பறந்துவிடும்!

கையில் இரும்புப் பூண் போட்ட தடியோடு ரவி மலையில் இறங்கி ஏறுவான். ஒரு பக்கம் அடர்ந்த தேவதாரு மரங்கள், இன்னொரு பக்கம் கிடுகிடு பள்ளம். தனியாக ஒரு சிகரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவான். அப்பா ஒரு நாளும் தடுக்கவில்லை, பயத்தை முகத்தில் காட்டவும் இல்லை. அதே அப்பா, வழியில் ஒருமுறை பணப்பெட்டியை உரியவரிடம் கொடுக்காமல் மேசைமேல் வைத்ததற்குக் கண்டிக்கவும் தவறவில்லை.

சில மாதங்கள் கழித்து ரவி வீடு திரும்பியபோது பெரிய மனிதனாகிவிட்டான். மாலையில் மொட்டை மாடியில் அம்மாவும் மற்றப் பெண்களும் கூடுவார்கள். நடுவில் ரவி உட்கார்ந்து, பூமியைவிடச் சூரியன் எத்தனையோ லட்சம் மடங்கு பெரியது என்று அளப்பான். நமக்குக் கம்பராமாயணம் போல வங்காளிகளுக்குக் கிருத்திவாசரின் ராமாயணம். ஆனால் ரவியோ அப்பாவிடம் வால்மீகியின் மூலத்திலேயே கொஞ்சம் படித்திருந்தான். அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. மூத்த அண்ணன் துவிஜேந்திரநாத்தைக் கூப்பிட்டு இவன் படிப்பதைக் கேள் என்றார். அண்ணன் பெரிய பண்டிதர். குட்டு உடைந்தது என்று ரவி நடுங்கினான். அண்ணனோ ஏதோ வேலையாக இருந்ததால், இரண்டு சுலோகம் கேட்டு நன்று என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தப்பித்தான்!

அந்த மாடிக் கூட்டம் நீண்ட நாள் நடக்கவில்லை. 1875இல் அம்மா இறந்துவிட்டார். ரவி அதன்பின் பள்ளியிலும் நிலைக்கவில்லை. வீட்டிலேயே அண்ணன்கள், அண்ணியோடு சேர்ந்து படித்தும் எழுதியும் பாடியும் வளர்ந்தார்.

1890களில் தாகூர் குடும்ப ஜமீன் நிலங்களைக் கவனித்துக்கொண்டார். மனைவி மிருணாளினி தேவி, ஐந்து குழந்தைகளோடு பத்மா நதிப் பக்கம் ஷிலைதாவில் வாழ்ந்தார்கள். அது இன்று வங்காளதேசத்தில் இருக்கிறது. தன் பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கும் அவர் அனுப்பவில்லை. வீட்டிலேயே படிப்பு. லாரன்ஸ் என்ற ஆங்கிலேயர் ஆங்கிலம் கற்பித்தார். அவருக்குப் பட்டுப்பூச்சிப் பைத்தியம்! வீடெல்லாம் பட்டுப்புழுக்கள். குழந்தைகள் படிக்க ராமாயணத்தைச் சுருக்கி எழுதும் வேலையை மிருணாளினி ஏற்றுக்கொண்டார்.

ஆனால் இப்படி ஒரு படிப்பு தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் போதுமா என்ற எண்ணம் அவருக்கு வந்தது. 1901 டிசம்பர் 22ஆம் நாள், தான் கல் பொறுக்கிய அதே சாந்திநிகேதனில், ஐந்தே மாணவர்களோடு ஒரு பள்ளி தொடங்கினார். அதில் ஒருவர் அவருடைய மூத்த மகன் ரதீந்திரநாத். பணம் போதவில்லை. மிருணாளினி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். அடுத்த ஆண்டே அவர் காலமானார். 1903இல் மகள் ரேணுகாவும், 1905இல் அப்பாவும், 1907இல் கடைசி மகன் சமீந்திரநாத்தும் போய்விட்டார்கள். பள்ளியை மட்டும் அவர் மூடவில்லை.

1913இல் கீதாஞ்சலிக்காக இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது. ஆசியாவுக்கே அதுதான் முதல் நோபல் பரிசு. 1919இல் தென்னிந்தியா வந்தபோது, ஆந்திராவின் மதனப்பள்ளியில் தங்கி, நம் தேசிய கீதமாகிவிட்ட பாடலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1921இல் சாந்திநிகேதன் பள்ளியோடு விஸ்வபாரதியும் வளர்ந்தது. 1941 ஆகஸ்ட் 7ஆம் நாள், பிறந்த அதே ஜோராசாங்கோ மாளிகையில் தாகூர் காலமானார். 2023இல் சாந்திநிகேதனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அங்கே மாமரத்தடியிலும் மற்ற மரத்தடிகளிலும் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து பாடம் கேட்பார்கள். அந்த வட்டத்துக்குச் சாக்பீஸ் கோடு கிடையாது. மழை வந்துவிட்டால் மரத்தடி வகுப்பு கலைந்துவிடும். அகோர் பாபுவின் கறுப்புக் குடையைத் தாகூர் கடைசிவரை மறக்கவில்லை போலிருக்கிறது!